சேலை கட்டிய சிங்கங்கள்!



உங்க வீட்டு பீரோவில், அப்பா-அம்மா கல்யாண ஆல்பத்துக்கு அடியில், பிரவுன் கலரில் ஒரு நெகட்டிவ் சுருள் கிடக்கும். எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பாருங்க. அப்பாவுக்கு வெள்ளை மீசை, கறுப்புப் பல்! ஒரு ரோலுக்கு 36 படம்தான். யோசிச்சு யோசிச்சு க்ளிக் பண்ணி, ஸ்டுடியோவில் கொடுத்து, கழுவி வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். ஒரே நிமிஷத்தில் முப்பது செல்ஃபி எடுத்து இருபத்தொன்பதை டெலிட் பண்ணுகிற நமக்கு இதெல்லாம் கற்காலக் கதை!

1970-களின் பிரிட்டனில் இதுக்கு ஒரு சுலப வழி இருந்தது. டூர் போய்ட்டு வந்ததும் ஃபிலிம் ரோலை ஒரு கவரில் போட்டு, பணத்தையும் சேர்த்து ஒட்டி, தபாலில் போட்டுடலாம். சில நாளில் கலர் கலராக போட்டோ வீட்டுக்கே வந்துடும்.

அந்தக் கவர்களைப் பிரித்தது யார்? இந்த வாரம் நாம் சந்திக்கப் போவது அவங்களைத்தான். முன்பின் தெரியாத குடும்பங்களின் பீச் டூர், பர்த்டே கேக், கிறிஸ்துமஸ் மரம் எல்லாம் அவங்க கை வழியாகத்தான் போச்சு. ஆனா, அவங்க முகம் பிரிட்டனுக்குத் தெரியாது. தெரிய வெச்சது ஒரு போராட்டம்!

மூணு கண்டம், ஒரு பெட்டி

ஜெயாபென் தேசாய். குஜராத்தில் தர்மஜ் என்ற ஊரில் 1933-ல் பிறந்தவர். குஜராத்தியில் 'பென்' என்றால் சகோதரி. நம்ம ஊர் கணக்கில் 'ஜெயா அக்கா'னு வெச்சுக்கலாம். உயரம் 4 அடி 10 அங்குலம்தான்!

கல்யாணம் ஆனதும் கணவரோடு கிழக்கு ஆப்பிரிக்கா போனார். இன்றைய டான்சானியா. 'குஜராத்துக்கும் ஆப்பிரிக்காவுக்கும் என்ன சம்பந்தம்?'னு கேட்கறீங்களா? வெள்ளைக்காரர்கள் அங்கே ரயில் பாதை போட்டபோது இந்தியாவிலிருந்து ஆயிரக்கணக்கில் ஆட்களைக் கொண்டுபோனார்கள். வியாபாரிகளும் குமாஸ்தாக்களும் தாங்களாகவே போனார்கள். கென்யா, உகாண்டா, டான்சானியா மூன்றிலும் இந்தியக் குடும்பங்கள் கடை, தொழில், வேலை என்று வேர் விட்டன. பல வீடுகளில் வசதியான வாழ்க்கை. பெண்கள் சம்பளத்துக்கு வேலைக்குப் போகவேண்டிய அவசியமே இல்லை.

1960-களில் அந்த நாடுகள் சுதந்திரம் பெற்றன. வேலையும் வியாபாரமும் இனி எங்க மக்களுக்கே என்ற குரல் வலுத்தது. பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைத்திருந்த இந்தியர்கள் பிரிட்டனை நோக்கிக் கிளம்பினார்கள். 1972 ஆகஸ்டில் உகாண்டாவின் இடி அமீன் ஒரே போடாகப் போட்டார். 90 நாள் கெடு. அதற்குள் ஆசியர்கள் நாட்டை விட்டுப் போயாக வேண்டும்! சுமார் 28,000 பேர் பிரிட்டன் வந்து இறங்கினார்கள்.

வரவேற்பு எப்படி இருந்தது? 1968-லேயே பிரிட்டிஷ் அரசு சட்டம் போட்டு, தன் பாஸ்போர்ட் வைத்திருந்த இந்த ஆசியர்களுக்கே கதவைப் பாதி சாத்தியிருந்தது. 1972-ல் லெஸ்டர் நகராட்சி உகாண்டா பத்திரிகையில் காசு கொடுத்து விளம்பரமே போட்டது. 'எங்க ஊருக்கு வராதீங்க' என்பதுதான் சாரம்! (இன்றைக்கு அதே லெஸ்டரின் தீபாவளி விழா பிரிட்டனிலேயே பிரபலம். அது வேற கதை.)

ஜெயாபென் குடும்பம் 1960-களின் கடைசியிலேயே லண்டன் வந்துவிட்டது. ஆப்பிரிக்காவில் மேனேஜராக இருந்த கணவருக்கு லண்டனில் கிடைத்தது சாதாரணத் தொழிலாளி வேலை. ஒரு சம்பளம் பத்தாது. ஜெயாபென் தையல் மெஷின் மிதித்தார். பிறகு 1974-ல், லண்டனின் வட மேற்கே வில்ஸ்டன் பகுதியில் இருந்த ஒரு ஃபிலிம் கழுவும் கம்பெனியில் சேர்ந்தார்.

கம்பெனி பெயர், க்ரன்விக். க்ரண்டி, வார்டு, ஹிக்கி என்ற மூன்று பங்குதாரர்களின் பெயரையும் பிய்த்து ஒட்டிய பெயர். அதில் ஜார்ஜ் வார்டு டெல்லியில் பிறந்த ஆங்கிலோ இந்தியர் என்பதையும் ஞாபகம் வெச்சுக்கோங்க. முதலாளியும் இந்தியாவிலிருந்து வந்தவர்தான், தொழிலாளியும் இந்தியாவிலிருந்து வந்தவர்தான். 'நம்ம ஊர்க்காரர்' என்பதெல்லாம் சம்பளக் கவரைக் கனமாக்கிடாது, பாஸ்!

கண்ணாடி ரூம்

வேலை செய்தவர்களில் பெரும்பாலானோர் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஆசியப் பெண்கள். ஏன் இவங்களையே எடுத்தாங்க? இங்கிலீஷ் சரளமாக வராது. சட்டம் தெரியாது. வேற வேலை சுலபமாகக் கிடைக்காது. சொன்னதைக் கேட்பாங்க, எதிர்த்துப் பேச மாட்டாங்க. அப்படித்தான் கணக்குப் போட்டார்கள்.

வாரத்துக்கு 40 மணி நேரம் வேலை. சம்பளம் சுமார் 28 பவுண்டு. அதே லண்டனில் உடல் உழைப்பு வேலை பார்த்த பெண்களின் சராசரி வாரச் சம்பளம் 44 பவுண்டு வாக்கில் இருந்தது. கோடை வந்தால் ஊரே சுற்றுலா போகும். ஃபிலிம் ரோல்கள் மூட்டை மூட்டையாகக் குவியும். அப்போ ஓவர்டைம். உங்களுக்கு இஷ்டமா என்று யாரும் கேட்க மாட்டார்கள். சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில், 'இன்னிக்கு இருந்து முடிச்சுட்டுப் போ' என்று சொல்லப்படும். ஸ்கூல் விட்டு வந்த பிள்ளை வாசலில் நிற்குமே என்ற கவலையெல்லாம் அந்தக் கண்ணாடி ரூமுக்குள் இருந்த மேனேஜருக்குக் கிடையாது.

ஆமாம், கண்ணாடி ரூம்! உள்ளே இருந்தபடியே அத்தனை பேரையும் பார்க்கலாம். பாத்ரூம் போகக்கூட அனுமதி கேட்கணும். நாலு பேர் பார்க்க, கையைத் தூக்கிக்கொண்டு கேட்கணும். இதை ஜெயாபென் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். எல்.கே.ஜி. பிள்ளைகள் 'மிஸ்... ஒன் பாத்ரூம்' என்று விரல் காட்டுவது போல, பிள்ளை பெற்ற பெண்கள் கை தூக்கி நிற்கிறார்கள்!

சம்பளம் கம்மி என்பதைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தவர்கள், இதைப் பொறுக்க முடியாமல் புழுங்கினார்கள்.

'நாங்க அந்தச் சிங்கங்கள்!'

1976 ஆகஸ்ட் 20, வெள்ளிக்கிழமை. பிரிட்டன் மறக்காத வறட்சிக் கோடை அது. அன்று மதியம், வேலையை மெதுவாகச் செய்தான் என்று 19 வயதுப் பையன் ஒருவனை வேலையை விட்டு அனுப்பினார்கள். அவனோடு இன்னும் மூன்று பையன்கள் வெளியேறினார்கள்.

சாயங்காலம் ஜெயாபென் கிளம்பத் தயாரானார். 'யார் உன்னைப் போகச் சொன்னது?' என்கிற ரேஞ்சில் அதட்டல். ஓவர்டைம் பார்க்கச் சொன்னார்கள். வாக்குவாதம் முற்றியது. அப்போது ஜெயாபென் மேனேஜரைப் பார்த்துச் சொன்னதுதான் பிரிட்டிஷ் தொழிலாளர் வரலாற்றில் இன்று வரை பேசப்படும் வசனம்.

'நீங்க நடத்துறது ஃபாக்டரி இல்லை, மிருகக்காட்சி சாலை. அங்கே பல வகை மிருகங்கள் உண்டு. உங்க விரலசைவுக்கு ஆடுற குரங்குகளும் இருக்கும். உங்க தலையைக் கடிச்சு எடுக்கிற சிங்கங்களும் இருக்கும். நாங்க அந்தச் சிங்கங்கள், மிஸ்டர் மேனேஜர்!'

பஞ்ச் டயலாக் சொல்லிவிட்டு ஸ்லோ மோஷனில் நடந்து போக இது சினிமா இல்லை. அடுத்த மாச வாடகைக்கு என்ன பண்ணுவது என்ற கேள்வியோடுதான் அவர் படியிறங்கினார். அங்கேயே கோடை விடுமுறை வேலைக்கு வந்திருந்த, அப்போது படித்துக்கொண்டிருந்த அவருடைய மகனும் கூடவே வெளியேறினார்.

திங்கள்கிழமை காலை, வெளியேறியவர்கள் கேட் முன்னால் நின்றார்கள். கையில் அட்டை. யூனியன் எப்படி ஆரம்பிப்பது என்று ஒருவருக்கும் தெரியாது. இலவச ஆலோசனை தரும் பொதுமக்கள் மையத்தில் விசாரித்து, அவர்கள் வழிகாட்ட, 'அபெக்ஸ்' என்ற அலுவலக ஊழியர்கள் யூனியனில் சேர்ந்தார்கள். உள்ளே இருந்தவர்களும் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். மொத்தம் 137 பேர். லீவில் வேலை பார்க்க வந்த ஸ்டூடண்ட்ஸும் அதில் அடக்கம்.

கோரிக்கை சிம்பிள். 'எங்க யூனியனை அங்கீகரிங்க. எங்களை மனுஷங்களா நடத்துங்க.'

செப்டம்பர் 2-ம் தேதி பதில் வந்தது. அத்தனை பேரும் டிஸ்மிஸ்! இதில் ஒரு சூட்சுமம் உண்டு. அன்றைய சட்டப்படி, ஸ்டிரைக் செய்தவர்களில் சிலரை மட்டும் நீக்கினால்தான் தொழில் நீதிமன்றம் விசாரிக்க முடியும். எல்லோரையும் மொத்தமாக நீக்கினால் விசாரிக்க அதற்கு அதிகாரமே கிடையாது. கம்பெனி மொத்தமாக நீக்கியது. நீதிமன்றமும் கையை விரித்தது.

ஒண்ணு சொல்லணும். வெளியே நின்றவர்களைவிட உள்ளே தங்கியவர்கள்தான் அதிகம். அவர்களிலும் பலர் அதே மாதிரி ஊர்விட்டு வந்த பெண்கள். வீட்டுக் கடன், பிள்ளை படிப்பு, பயம்... தினமும் பஸ்ஸில், தோழிகளின் கோஷத்தைத் தாண்டி உள்ளே போனார்கள். 'துரோகி' என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடலாம்தான். ஆனா, அந்தப் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து தலை குனிந்துகொண்டவளின் நிலைமையையும் யோசிச்சுப் பாருங்க.

தபால்காரர் செய்த காரியம்

ஒரு கம்பெனிக்குத் தண்ணீர், கரன்ட்டைவிட முக்கியமானது ஒன்று உண்டு என்றால், க்ரன்விக்குக்கு அது தபால்தான். கவர் வரவில்லை என்றால் பிசினஸ் இல்லை!

பக்கத்து கிரிக்கல்வுட் தபால் நிலைய ஊழியர்கள் இதைப் புரிந்துகொண்டார்கள். 1976 நவம்பரில், 'க்ரன்விக் தபாலைத் தொட மாட்டோம்' என்று கை கட்டி நின்றார்கள். அவர்களில் பெரும்பாலானோர் வெள்ளைக்காரர்கள். இந்தப் பெண்களின் சொந்தமில்லை, பந்தமில்லை, ஒரே யூனியன்கூட இல்லை. கம்பெனி அசந்துதான் போனது. ஆனால், தபாலை நிறுத்துவது சட்டவிரோதம் என்று வழக்குப் போவதாக மிரட்டல் வர, பேச்சுவார்த்தைக்கு கம்பெனி சம்மதிக்க, சில நாட்களில் அந்த மறியல் வாபஸ். பேச்சுவார்த்தை? அது பேச்சோடு சரி!

சும்மா இருக்கவில்லை இந்தப் பெண்கள். பிரிட்டன் முழுக்கக் கிளம்பினார்கள். சுரங்கம், துறைமுகம், கார் ஃபாக்டரி என்று ஒவ்வொரு கேட்டிலும் போய் நின்று, தங்களுக்குத் தெரிந்த இங்கிலீஷில் பேசினார்கள். 'வாயே திறக்க மாட்டாங்க' என்று கணக்குப் போட்டு வேலைக்கு எடுக்கப்பட்டவர்கள், நூற்றுக்கணக்கான ஆண்கள் நிறைந்த கூட்டங்களில் மைக் பிடித்தார்கள்.

பலன் தெரிந்தது. 1977 மே மாதம் ஷெர்லி வில்லியம்ஸ் உட்பட மூன்று மந்திரிகள் கேட் முன்னால் வந்து நின்றார்கள். ஜூன் 13-ம் தேதி மாபெரும் மறியல் தொடங்கியது. முதல் நாளிலேயே 84 பேர் கைது. கிரிக்கல்வுட் தபால்காரர்கள் மறுபடி க்ரன்விக் தபாலைத் தொட மறுத்தார்கள். இந்த முறை அவர்களுக்கே வேலைத் தடை, சம்பளம் கட். ஜூலை 11 அன்று யார்க்‌ஷயர் சுரங்கத் தொழிலாளர்கள், அவர்கள் தலைவர் ஆர்தர் ஸ்கார்கில் என்று சுமார் 20,000 பேர் அந்தச் சின்னத் தெருக்களில் திரண்டார்கள். டி.வி.யில் தினமும் அதுதான் நியூஸ். கைகலப்பில் ஒரு போலீஸ்காரர் தலையில் பாட்டில் பட்டு மோசமாகக் காயப்பட்டதும் நடந்தது. போராட்டம் முடிவதற்குள் கைதானவர்கள் எண்ணிக்கை 550-ஐத் தாண்டியது.

அந்தக் கூட்டத்தில் லண்டன் துறைமுகத் தொழிலாளர்களும் இருந்தார்கள். இதில் என்ன விசேஷம்? 1968-ல், வந்தேறிகளுக்கு எதிராக ஏனக் பவல் என்ற எம்.பி. நெருப்புப் பேச்சு பேசியபோது, அவருக்கு ஆதரவாக பார்லிமென்ட் நோக்கி ஊர்வலம் போனவர்கள் இதே லண்டன் துறைமுகத் தொழிலாளர்கள். ஒன்பது வருஷத்தில் அதே துறைமுகத்தின் பேனர், சேலை கட்டிய பெண்களுக்குப் பின்னால் வந்து நிற்கிறது!

எந்தச் சட்டமும் இதைச் செய்யவில்லை. கேட் கேட்டாகப் போய், முகத்துக்கு நேரே நின்று பேசிய பெண்கள் செய்தது.

கேட்டுக்கு வெளியே, வீட்டுக்கு உள்ளே

பத்திரிகைகள் இவங்களுக்கு வைத்த பெயர் 'சேலை கட்டிய ஸ்டிரைக்காரர்கள்'. பாராட்டு மாதிரித் தெரியுது, இல்லையா? கொஞ்சம் உரசிப் பார்த்தால் அதில் ஒரு ஆச்சர்யம் ஒளிந்திருக்கிறது. 'அட, இவங்களுக்குக்கூட கோபம் வருமா?' என்ற ஆச்சர்யம்!

ஆனால், இவர்கள் முதல் ஆட்கள் இல்லை. 1972-ல் லஃப்பரோவில் ஒரு துணி மில்லிலும், 1974-ல் லெஸ்டரில் இம்பீரியல் டைப்ரைட்டர் கம்பெனியிலும் ஆசியத் தொழிலாளர்கள் ஸ்டிரைக் செய்திருக்கிறார்கள். ஆண்களும் பெண்களும் சேர்ந்துதான். அப்போது யூனியன்களே அவர்களைச் சரியாகக் கண்டுகொள்ளவில்லை. க்ரன்விக்கில்தான் முதல் முறையாக பிரிட்டனின் தொழிலாளர் உலகம் இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தது.

சரி, காலையில் கேட்டில் நிற்பவருக்கு வீட்டில் யார் சமைத்தது? அவரேதான்! விடியுமுன் எழுந்து ரொட்டி சுட்டு, பிள்ளைக்கு டிபன் கட்டி, பிறகு சேலைக்கு மேல் கோட் மாட்டிக்கொண்டு குளிரில் நிற்க வேண்டும். இரண்டு குளிர்காலம் இப்படியே.

'வயசுப் பொண்ணு தெருவுல நின்னு கோஷம் போடுறா, போலீஸ் புடிச்சு இழுக்குது. நாளைக்கு யாரு கட்டிப்பா?' இந்த வசனம் லண்டன் வீடுகளிலும் கேட்டது. பல பெண்களுக்கு முதல் பேச்சுவார்த்தை கம்பெனியோடு இல்லை. சொந்த வீட்டு ஹாலில், அப்பாவோடு, மாமியாரோடு. அதில் ஜெயித்தவர்கள்தான் கேட்டுக்கு வர முடிந்தது. அம்ரித் வில்சன் என்ற எழுத்தாளர் பிரிட்டனின் ஆசியப் பெண்களைச் சந்தித்துப் பேசி, 1978-ல் ஒரு புத்தகம் கொண்டு வந்தார். க்ரன்விக் பெண்களின் குரலும் அதில் உண்டு. 'குரலைக் கண்டடைதல்' என்று அர்த்தம் வரும் தலைப்பு. பொருத்தமான தலைப்புதான்.

முழங்கைத் தேன்

இத்தனை கூட்டம் திரண்ட பிறகு ஜெயித்திருக்கணுமே?

தோற்றார்கள்.

அரசாங்கம் ஸ்கார்மன் பிரபு தலைமையில் விசாரணை வைத்தது. 1977 ஆகஸ்டில் அவர் அறிக்கை கொடுத்தார். யூனியனை அங்கீகரிக்கலாம், நீக்கியவர்களை மறுபடி சேர்க்கலாம் என்றது அறிக்கை. ஜார்ஜ் வார்டு, 'முடியாது' என்றார். அவ்வளவுதான். அந்த அறிக்கைக்குக் கட்டாயப்படுத்தும் சக்தி இல்லை.

கோர்ட்டில் நடந்தது இன்னும் வேடிக்கை. யூனியனை அங்கீகரிக்கலாம் என்று அரசின் சமரச அமைப்பு ஏற்கெனவே சொல்லியிருந்தது. '1977 டிசம்பர்... செல்லாது' என்று தீர்ப்பளித்தது பிரபுக்கள் சபை. காரணம், எல்லா ஊழியர்களின் கருத்தையும் அந்த அமைப்பு கேட்கவில்லையாம். ஏன் கேட்கவில்லை? உள்ளே வேலை பார்த்தவர்களின் பெயர், விலாசத்தைக் கொடுக்க மறுத்ததே கம்பெனிதான்! பரீட்சை ஹாலைப் பூட்டி வெச்சுட்டு, 'நீ பரீட்சை எழுதலையே'னு ஃபெயில் போட்ட மாதிரி!

அதற்குள் பெரிய யூனியன் தலைவர்களுக்கும் அலுத்துவிட்டது. அரசாங்கம் அவர்களுடைய தொழிற்கட்சி அரசாங்கம். தினமும் டி.வி.யில் தள்ளுமுள்ளு என்றால் கட்சிக்குக் கெட்ட பெயர். கூட்டத்தைக் குறை, மறியலை நிறுத்து என்று அழுத்தம். தபால்காரர்களின் யூனியனும் பின்வாங்கச் சொன்னது.

1977 நவம்பர் 21. ஜெயாபென்னும் இன்னும் மூன்று பேரும் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். எங்கே தெரியுமா? கம்பெனி வாசலில் இல்லை. யூனியன்களின் தலைமைக் கூட்டமைப்பான டி.யு.சி. அலுவலகத்தின் வாசலில்! அதற்காக அவர்களுடைய சொந்த யூனியன், 'அபெக்ஸ்', அவர்களையே சஸ்பெண்ட் செய்தது. போராட்டப் படியும் கட்.

நம்ம ஊரில், 'தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா?' என்பார்கள். ஜெயாபென் அதைவிட ஒரு சாண் மேலே போனார். 'டி.யு.சி.யின் ஆதரவு முழங்கையில் ஒட்டிய தேன் மாதிரி. வாசம் வரும், கண்ணுக்கும் தெரியும். நக்கிப் பார்க்க மட்டும் முடியாது!' என்றார். நீங்களும் இப்போ ஒரு தடவை முழங்கையை மடக்கி ட்ரை பண்ணிப் பாருங்க. எட்டுதா?

1978 ஜூலை 14. கிட்டத்தட்ட இரண்டு வருஷங்களுக்குப் பிறகு போராட்டம் முடிந்தது. யூனியனுக்கு அங்கீகாரம் இல்லை. ஒருவருக்கும் வேலை திரும்பக் கிடைக்கவில்லை.

கடைசிக் கூட்டத்தில் ஜெயாபென் அழவில்லை. நாம பெருமைப்படணும் என்றார். இந்த மண்ணுக்குப் புதுசா வந்த நாமும் மரியாதை இல்லாம நடத்துறதை ஏத்துக்க மாட்டோம்னு காட்டிட்டோம், வெள்ளைக்காரத் தொழிலாளர்களும் நம்ம கூட நிப்பாங்கன்னு காட்டிட்டோம்... இதுதான் அவர் பேச்சின் சாரம்.

ஸ்கோர்போர்டில் இல்லாதவை

'தோத்த கதையை எதுக்கு பாஸ் சொல்றீங்க?' உங்க கேள்வி நியாயமானது.

சில விஷயங்களைப் பாருங்க. போராட்டம் நடந்த காலத்திலேயே உள்ளே இருந்தவர்களுக்கு கம்பெனி சம்பளத்தைக் கூட்டியது. எந்தப் பெண்கள் தலை குனிந்து பஸ்ஸில் போனார்களோ, அவர்களுக்கும் சேர்த்துத்தான் வெளியே இருந்தவர்கள் நனைந்திருக்கிறார்கள். 'ஆசியப் பெண்கள் யூனியனில் சேர மாட்டாங்க' என்ற பேச்சை அதற்குப் பிறகு பிரிட்டனில் எந்த யூனியனும் சாக்காகச் சொல்ல முடியவில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. மூடி மறைக்க வேண்டாம். 1979-ல் மார்கரெட் தாட்சர் பிரதமரானார். அடுத்தடுத்து வந்த சட்டங்கள், சம்பந்தமில்லாத ஒரு கம்பெனியின் தொழிலாளிக்காக இன்னொரு தொழிலாளி வேலையை நிறுத்துவதைத் தடுத்துவிட்டன. கிரிக்கல்வுட் தபால்காரர்கள் செய்த காரியத்தை பிரிட்டனில் ஒரு யூனியன் இன்று சட்டப்படி செய்ய முடியாது. 2005 ஆகஸ்டில், ஹீத்ரோ ஏர்போர்ட்டில் விமானங்களுக்குச் சாப்பாடு தயாரித்த கேட் கூர்மே நிறுவனம் 600-க்கும் மேற்பட்டவர்களை ஒரேயடியாக நீக்கியது. அவர்களில் பெரும்பாலானோர் இந்தியப் பெண்கள், அதிகம் பஞ்சாபிகள். அவர்களுக்காக பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஊழியர்கள் வேலையை நிறுத்த, விமானங்கள் தரையில் நின்றன. ஆனால், சட்டப்படி அது செல்லாத ஸ்டிரைக். இரண்டே நாளில் திரும்ப வேண்டியிருந்தது. வாசல் மாறியது, வருஷம் மாறியது, சேலை சல்வார் ஆனது. கேள்வி அதேதான்.

ஜெயாபென் என்ன ஆனார்? மறுபடி தையல் மெஷின். பிறகு ஹாரோ கல்லூரியில் ஆசிய உடைத் தையல் சொல்லிக்கொடுத்தார். 60 வயதில் டிரைவிங் டெஸ்ட் பாஸ் செய்தார்! 2007-ல் ஜி.எம்.பி. யூனியன் அவருக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தது. அது எந்த யூனியன்? அன்று அவரை சஸ்பெண்ட் செய்த அபெக்ஸ் பிற்பாடு இணைந்தது இதே ஜி.எம்.பி.யில்தான்! 2010 டிசம்பர் 23-ம் தேதி, 77 வயதில் இறந்துபோனார்.

2016-ல் பி.பி.சி. ரேடியோவின் பெண்கள் நிகழ்ச்சி, கடந்த 70 ஆண்டுகளில் பெண்களின் வாழ்க்கையை அதிகம் பாதித்த ஏழு பேரைப் பட்டியலிட்டது. முதலிடம் மார்கரெட் தாட்சர். அதே பட்டியலில் ஜெயாபென் தேசாயும்! எதிரெதிர் பக்கம் நின்ற இரண்டு பெண்களை ஒரே தாளில் எழுதியிருக்கிறது காலம். வில்ஸ்டனில் ஃபாக்டரி இருந்த பகுதியில் இப்போது அந்தப் பெண்களின் சுவரோவியம் இருக்கிறது.

இப்போ உங்க பக்கம்...

புலம்பெயர்ந்த பெண்களின் பங்களிப்பு என்றதும் நாம் என்ன சொல்வோம்? ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்காங்க, பாட்டிகளைப் பார்த்துக்கறாங்க, வரி கட்டறாங்க, நம்ம ஊர்ச் சாப்பாட்டை அங்கே ஃபேமஸ் ஆக்கிட்டாங்க... எல்லாம் உண்மை. ஆனா, இந்த லிஸ்ட்டை உத்துப் பாருங்க. எல்லாமே, 'நாங்க உபயோகமானவங்க, அதனால எங்களை வெச்சுக்கோங்க' என்கிற மாதிரி இல்லையா?

வந்த இடத்தில் நன்றியோடு இருப்பது தப்பில்லை. ஆனால், நன்றிக்கு அர்த்தம் வாயை மூடிக்கொண்டிருப்பது இல்லை. 'இந்த நாட்டுத் தொழிலாளிக்கு என்ன மரியாதையோ அதே மரியாதை எனக்கும்' என்று கேட்டதன் மூலம், அந்த நாடு தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொண்டிருந்த நல்ல வார்த்தைகளை நிரூபிக்கச் சொன்னார்கள் க்ரன்விக் பெண்கள். ஃபிலிம் கழுவியதும் பங்களிப்புதான். இந்தக் கேள்வியைக் கேட்டது அதைவிடப் பெரிய பங்களிப்பு.

உங்களில் சிலர் மாஸ்டர்ஸ் படிக்க லண்டன், பர்மிங்ஹாம்னு ஃப்ளைட் ஏறப் போறீங்க. டிகிரி படிக்க ஸ்டூடண்ட் விசாவில் போனால், க்ளாஸ் நடக்கும் காலத்தில் பெரும்பாலும் வாரத்துக்கு 20 மணி நேரம் வரைதான் வேலை பார்க்கலாம். நிறைய பேருக்கு முதல் வேலை ஏதோ ஒரு கிச்சனில், குடோனில், கேர் ஹோமில். 'கூட ரெண்டு மணி நேரம் இரு, கணக்குல வராது', 'நம்ம ஆளுதானே, சம்பளத்தை அப்புறம் பார்த்துக்கலாம்' என்று யாராவது சொல்லலாம். சொல்பவர் தமிழே பேசலாம்! அப்போ, கடன் வாங்கி அனுப்பிய அப்பா முகமும் நினைவுக்கு வரும், ஜெயாபென் முகமும் நினைவுக்கு வரட்டும். போகும்போதே அந்த நாட்டுக் குறைந்தபட்சச் சம்பளம் எவ்வளவு, யாரிடம் புகார் செய்வது, இலவச ஆலோசனை எங்கே கிடைக்கும் என்று தெரிஞ்சுக்கிட்டுப் போங்க. ஊறுகாய் பாட்டிலைவிட இது வெயிட் கம்மி!

போகாதவர்களுக்கும் ஒரு வேலை இருக்கு. இந்தக் கதையில் நிறைய பேர் வந்து போனாங்க. சிங்கமாக நிற்க எல்லோராலும் முடியாது. எல்லோருக்கும் அது வாய்க்கவும் வாய்க்காது. ஆனா, தன் வேலை போகலாம் என்று தெரிந்தும், முகம்கூடத் தெரியாத பெண்களுக்காக, 'இந்த மூட்டையை நான் தொட மாட்டேன்'னு சொன்னாரே ஒரு தபால்காரர்... அந்த இடம் எப்பவும் காலியாத்தான் இருக்கு.

அடுத்த வாரம் பார்ப்போம் ஃப்ரெண்ட்ஸ்!